மூன்று மாதச் சராசரி

திருவொற்றியூர்,
4-8-2002

அன்புள்ள தம்பி ஜெயவேலுக்கு,

நலமா என்று கேட்கும் கடமையை முதல் வரியிலேயே முடித்துவிடுகிறேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். திருவொற்றியூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே இரண்டு பேருந்துகள்தாம் ஓடுகின்றன. அந்தத் தூரத்துக்கு அஞ்சல் உறை வாங்கும்படி ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் வந்து என் செய்தித்தாளைக் கலைத்துப் போட்டு, காபியில் சர்க்கரை இல்லையென்று முகம் சுளித்துவிட்டுப் போகிறவன் நான்கு ஞாயிறாக வரவில்லை. நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அது எனக்குப் பழக்கமில்லை.

சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்கில் நடந்ததை உன் வாயால் நான் கேட்கவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வரும் மங்கம்மாதான் வாசலில் நின்று சொன்னாள். "இன்னா டீச்சரம்மா, உன் தம்பி ஓட்ற கிரேன்லேர்ந்து இரும்புச் சுருளு எறங்கி டில்லிபாபு காலு நசுங்கிப் பூட்சாமே! கணுக்காலோட எடுத்துட்டாங்களாம். ஊரே பேசிகினு கீது, உனுக்குத் தெரியாதா?" தெரியும் என்றேன். பொய். பிறகு சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டேன். அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

என் செய்தி இது. இடது குதிகாலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. பழைய மருத்துவர் தொழிலை விட்டுவிட்டதால் இராயபுரத்தில் அருள்பிரகாசம் என்ற இளைஞரிடம் போனேன். என் குறிப்பேட்டை அவர்முன் வைத்தேன். உனக்குத் தெரிந்ததுதான்: பன்னிரண்டு ஆண்டுகளாக மாதத்தின் முதல் திங்கட்கிழமை வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவுகள், தேதி வாரியாக, வரைபடத்தோடு. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா உங்க காலு வேற ஏதோ சொல்லுதே" என்றார். புதிதாக ஒரு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹெச்.பி.ஏ.ஒன்.சி. என்று பெயர். எத்தனை மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று கேட்டேன். "எப்ப வேணா வாங்க. சாப்ட்டுட்டே வரலாம்" என்றார். சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவது ஏதோ ஒழுக்கக்கேடு போல எனக்குப் பட்டது.

அதன் தத்துவம் எளிது. இரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ நூற்றிருபது நாள் வாழ்கிறது. வாழும் நாளெல்லாம் தன்னைச் சுற்றியுள்ள சர்க்கரை அதன்மேல் படிகிறது. படிந்தது அந்த அணு சாகும்வரை போவதில்லை. நூற்றுக்கு எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். ஆறுக்குள் இருந்தால் நோயில்லாதவர். ஏழுக்குள் வைத்துக்கொண்டால் கட்டுப்பாடுள்ள நோயாளி. எனக்கு 9.2. அதை நமக்குப் பழக்கமான கணக்கில் மாற்றி, சீட்டின் ஓரத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்தார்: சராசரி 250. என் குறிப்பேட்டின் சராசரி 108.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவள், அந்தச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைக்கக் கை வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் இந்தச் சோதனையை உடனே எடுத்துக்கொள். ஏன் அவசரம் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் துணிவில்லை.

தாயம்மாவுக்கும் கீர்த்திக்கும் என் அன்பு.

உன் அக்கா,
சங்கமித்ரா

வியாசர்பாடி,
12-8-2002

அன்புள்ள அக்காவுக்கு தம்பி ஜெயவேல் எழுதிக்கொண்டது. ஜெய்பீம். இங்கு நான், தாயம்மா, கீர்த்தி அனைவரும் நலம். கால் புண்ணுக்கு மஞ்சள் வைக்க வேண்டாம், டாக்டர் சொன்னதை மட்டும் செய்யவும் என்று தாயம்மா எழுதச் சொன்னாள். இதுக்கு மேல உன்ன மாதிரி எழுத எனக்கு வராதுக்கா. பேசறாப்லயே எழுதறேன், திருத்தாத.

நாலு வாரமா வரலைன்னா கோவம் ஒண்ணும் இல்ல. மனசு பேஜாரா கீது. வேலைக்குப் போறேன், வரேன், படுக்கறேன். அவ்ளோதான்.

எனக்கு எதுக்கு அந்த டெஸ்டு? ஆறு வருசமா மெடிக்கல்ல பாஸு. இந்த மார்ச்சுல கூட 114. நூத்தி இருவதுக்குள்ள இருந்தா கிரேன் ஓட்டலாம்னு ரூலு. நீ எழுதிக் குடுத்த பேப்பரு இன்னும் பீரோவுல பத்திரமா கீது. தாயம்மா அதத் தாலிச் சரடு மாதிரி வச்சிகினு இருக்கா. உன் புண்ணியத்துல தான் இந்த வூட்ல அடுப்பு எரியுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா.

டில்லி விசயம் கேட்ட. எழுதறேன். சுருள கம்பியில கட்டி கொக்கியில மாட்டி உடறது கலாசி வேல. டில்லிதான் எனக்கு இருவது வருசமா கலாசி. நான் மேல கேபின்ல, முப்பதடி ஒசரத்துல. கீழேர்ந்து எனக்கு சத்தம் கேக்காது. அவன் கைய மட்டும் பாத்துதான் எறக்குவேன். கைய விரிச்சி கீழ ஆட்டினா எறக்கு. கைய மூடினா நிறுத்து. இருவது வருசம் வாயே தேவப்படல எங்களுக்கு.

விசாரணையில மேனேஜரு என் மெடிக்கல் பேப்பர பாத்தாரு. "ஆப்பரேட்டர் ஃபிட்டு. கலாசிதான் சிக்னல் தப்பா குடுத்துட்டு, நிக்கக்கூடாத எடத்துல நின்னுகினான்"னு எழுதிட்டாங்க. டில்லிக்கு மெமோ. கால் சரியானாலும் கேட்ல உக்காரக்கூட எடுக்க மாட்டாங்களாம். அவங்க கேக்கல, நானும் சொல்லல.

போன புதன்கிழம அவன் சம்சாரம் செங்கொடி வந்தா. மூணு மாடி ஏறி வந்து வாசப்படிலயே நின்னுகினு இருந்தா. தாயம்மா "உள்ள வா"ன்னா. வரல. "அண்ணே, அவரு கைய மூடித்தான் காட்னேன்றாரு. நீ பாத்தியா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் டிவி சத்தத்த கம்மி பண்ணிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தா போயிட்டா.

உடம்பப் பாத்துக்கோ.

உன் தம்பி,
ஜெயவேல்

திருவொற்றியூர்,
18-8-2002

அன்புள்ள ஜெயவேலுக்கு,

உன் கடிதத்தைத் திருத்தவில்லை. அதில் திருத்தவேண்டிய ஒன்று எழுத்துப்பிழை அல்ல.

சோதனை எடுக்கத் தேவையில்லை என்கிறாய். அதற்குச் சான்றாக என் கைப்பட எழுதிய தாளைக் காட்டுகிறாய். ஆகவே அந்தத் தாளைப் பற்றி எழுதியாக வேண்டும்.

1996 பிப்ரவரி. தண்டையார்பேட்டையில் ஒரு மருத்துவர் உனக்குச் சர்க்கரை 240 என்று சொல்லியிருந்தார். கிடங்கின் ஆண்டுச் சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. நீ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "கிரேன்லேர்ந்து எறக்கிட்டா நான் இன்னாக்கா பண்ணுவேன்? எனக்கு வேற இன்னா தெரியும்?" என்று அழுதாய். நாற்பத்தொன்பது வயது ஆண் அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என் புத்திசாலித்தனத்தைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்றும் சேர்த்து எழுதுகிறேன், ஏனெனில் அதுவும் உண்மை. நான் சொன்னேன்: "அழாதே. அவர்கள் அளக்கப்போவது ஒரே ஒரு காலைப்பொழுதை. அந்தக் காலைப்பொழுதை நாம் தயார்செய்துவிட்டால் போதும்."

பிறகு தாளும் பேனாவும் எடுத்து அட்டவணை போட்டேன். இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர். காலையும் மாலையும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேர நடை. என் மாத்திரைகளிலிருந்து உனக்கு இரட்டைப் பங்கு. அந்த ஆண்டு 112 வந்தது. மாலையில் நீ ஜிலேபி வாங்கி வந்தாய். இருவரும் உட்கார்ந்து தின்றோம். நினைவிருக்கிறதா? எனக்கு அந்தப் பொட்டலத்தின் எண்ணெய்க்கறைகூட நினைவிருக்கிறது.

இந்த உபாயம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நீ கேட்டதில்லை. நான் எனக்கே செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் திங்களுக்கு முந்தைய சனியும் ஞாயிறும் நான் பட்டினி. அதனால்தான் அந்த ஞாயிறுகளில் நீ வரும்போது உனக்கு மட்டும் இலை போட்டுவிட்டு, எனக்குப் பசியில்லை என்பேன். மற்ற இருபத்தெட்டு நாளும் என்ன தின்றேன் என்பதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை. வரைபடம் மட்டும் அழகாக இருந்தது.

ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சுண்ணாம்பு அடிக்கும் பள்ளிக்கூடத்தை நாம் எத்தனை முறை ஏளனம் செய்திருப்போம்! தனக்குச் சாதகமான நாளைப் பொறுக்கியெடுத்து அளந்தால், வருகிற எண் அளந்தவனின் ஆசையையே காட்டும் என்பது என் முதலாண்டு வகுப்பின் முதல் பாடம். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடைத்தாளில் தவறாக எழுதியவளைச் சிவப்பு மையால் அவமானப்படுத்தினேன். என் உடம்பிலும் என் தம்பியின் உடம்பிலும் அந்தத் தவறை நானே, தெரிந்தே செய்தேன்.

இனி அவசரத்தின் காரணத்தைச் சொல்கிறேன். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறிக் கிடந்தால் கண்ணின் பின்திரை கெடும், பார்வை மங்கும் என்று அருள்பிரகாசம் சொன்னார். சொல்லும்போது அவர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்தது உன் கேபினை. முப்பதடி உயரம், ஒரு கை, விரிந்ததா மூடியதா.

ஜெயவேல், ஜூலை பன்னிரண்டாம் தேதி நீ அந்தக் கையைப் பார்த்தாயா?

மூன்று மாதச் சராசரி, குறிப்பிட்ட ஒரு நாளுக்குச் சாட்சி சொல்லாது. அதை நான் மிகைப்படுத்தமாட்டேன். ஆனால் அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்லும். 114 என்ற உன் தாளால்தான் டில்லிபாபு பொய்யனாக்கப்பட்டிருக்கிறார். அந்தத் தாளை மறுக்கக்கூடிய ஒரே சாட்சி உன் இரத்தத்தில் இருக்கிறது. அது நிரந்தரமானதும் அல்ல. இந்தச் சோதனையில் ஏறத்தாழ பாதி, கடைசி ஒரு மாதத்தின் கதை. ஜூலையைப் பார்த்த அணுக்கள் தினமும் செத்துக்கொண்டிருக்கின்றன. அக்டோபரில் எடுத்தால் ஜூலையைப் பற்றி உன் இரத்தத்துக்கு அதிகம் நினைவிருக்காது.

போய் எடு.

அக்கா

வியாசர்பாடி,
27-8-2002

அக்காவுக்கு,

உன் லெட்டர கீர்த்திதான் முதல்ல பிரிச்சி படிச்சா. அப்புறம் அவ அம்மாவுக்குப் படிச்சிக் காட்டினா. நான் வேல முடிஞ்சி வரதுக்குள்ள வூடே எழவு வூடு மாதிரி ஆயிடுச்சி. ஜனவரியில அவளுக்குக் கல்யாணம். மாப்ள வூட்ல "பொண்ணோட அப்பா கிரேன் ஆப்பரேட்டரு"ன்னு சொல்லி வச்சிகீறோம்.

தாயம்மா சொன்னத அப்படியே எழுதறேன். "பென்சன் வாங்கறவங்களுக்கு நாயம் ஈசியா வரும். அன்னிக்கி பேப்பர்ல எழுதிக் குடுத்ததும் அவங்கதான், இன்னிக்கி பேப்பர்ல எழுதிக் கேக்கறதும் அவங்கதான். நடுவுல கஞ்சி குடிச்சிகினு ரோட்ல நடந்தது என் புருசன். இனிமே இந்த வூட்டுப் பக்கம் வரச் சொல்லாத."

நான் அதுல ஒரு வார்த்தையும் மாத்தல.

நீ படிச்சவ. நீ சொன்னா சரியா இருக்கும்னு செஞ்சேன். அப்பா செத்ததுக்கு அப்புறம் நீ சொல்லி நான் இன்னா செய்யாம இருந்தேன்? இப்ப தப்புன்னு சொல்ற. அதுவும் சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு இன்னும் அஞ்சு வருசம் சர்வீசு கீது.

கைய பாத்தியான்னு கேக்காத. செங்கொடி கேட்டா, நீயும் கேக்கற. தெனம் ராவுல நானே கேட்டுக்கறேன்.

இனிமே லெட்டர் போடாத.

ஜெயவேல்

திருவொற்றியூர்,
8-9-2002

அன்புள்ள ஜெயவேலுக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். தாயம்மா சொன்னது முழுக்க நியாயம் என்று அவளிடம் சொல். சொற்சிக்கனத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

நேற்று ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனேன். டில்லிபாபுவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் போனேன். இரண்டு ஆரஞ்சுப் பழங்களும், தயாரித்த நான்கு வாக்கியங்களும் கொண்டுபோனேன்.

என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து உட்கார முயன்றார். "வாங்க டீச்சரம்மா! உங்க காலே கட்டு போட்டுகினு கீது, நீங்க எதுக்கு என்னப் பாக்க வந்தீங்க? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடிதான் தேறும் போல" என்று சிரித்தார். செங்கொடி சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஜெயவேலு எப்படி கீறான்? ஏன் வரமாட்றான்? கஷ்டமா கீதுன்னு நெனைக்கிறேன். அவன் மேல எனுக்குக் கோவமில்லன்னு சொல்லுங்க" என்றார். பிறகு தன் வலக்கையைப் போர்வைமேல் வைத்து மெதுவாக மூடினார். திறந்தார். மூடினார். "நான் மூடித்தான் காட்னேன்னு எனுக்கு நெனப்பு, டீச்சரம்மா. ஆனா எல்லாரும் இல்லன்றாங்க. மேல இருந்தவன் நல்லாதான் கீறான்னு டாக்டர் பேப்பரே சொல்லுது. அப்ப நான்தான் தொறந்து காட்டிகினேனா? இருவது வருசமா காட்டின கை. அதக்கூட நம்ப முடியலன்னா, இன்னாத்த நம்பறது?"

கால் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையைப் பற்றியே பேசினார்.

நான் சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வராந்தாவில் செங்கொடி என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக நன்றியோடு அவரைக் கடந்து போனேன்.

கிடங்கின் விசாரணைக் குழுவுக்கு ஒரு வாக்குமூலம் எழுதி மூன்று முறை கிழித்துவிட்டேன். உன் பிழைப்பும் கீர்த்தியின் கல்யாணமும்தான் காரணம் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் முறை கிழிக்கும்போது அது பொய் என்று தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் பாதிப்பேர் என் மாணவிகளின் பிள்ளைகள். அரசாங்கப் படிவம் நிரப்ப, மகளுக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க, சண்டையில் நியாயம் சொல்ல என்னிடம்தான் வருகிறார்கள். பேராசிரியை சங்கமித்ரா தன் சர்க்கரைக் கணக்கில் பொய் எழுதினாள், அதைத் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தாள் என்று அவர்கள் பேசுவதை என்னால் தாங்க முடியாது. ஒரு மனிதன் தன் கையையே நம்பாமல் கட்டிலில் கிடப்பதை மட்டும் தாங்க முடிகிறது. இப்படிப்பட்டவள்தான் உன்னைப் போய் உண்மையைச் சொல் என்று ஏவிக்கொண்டிருந்தாள்.

ஆகவே இனி ஏவவில்லை. உனக்கு ஆணையிடும் தகுதி எனக்கு இல்லை. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள், கண்ணைக் காட்டு. அதை அக்காவாகக் கேட்கிறேன்.

சங்கமித்ரா

வியாசர்பாடி,
6-10-2002

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜெயவேல். ஜெய்பீம்.

இதோட ஒரு ஜெராக்ஸ் வச்சிகீறேன். மொதல்ல அதப் பாரு. தேதியப் பாரு.

பாத்தியா? ஆகஸ்டு பத்து. உன் முதல் லெட்டர் கெடச்ச அதே வாரத்துல எடுத்துட்டேன்க்கா. "எனக்கு எதுக்கு அந்த டெஸ்டு"ன்னு உனக்கு எழுதினப்ப ரிசல்ட்டு என் சட்டப் பையில இருந்திச்சி. 10.1. லேப்ல இருந்த பொண்ணு சராசரி 280 வரும்னு சொல்லிச்சி. அந்தப் பேப்பர மடிச்சி நீ எழுதிக் குடுத்த அட்டவணைக்குள்ளயே வச்சி பீரோவுல பூட்டிட்டேன். அத எடுக்க யாருக்கும் தோணாது பாரு.

இன்னொண்ணு சொல்றேன், சிரிப்ப. டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் கஞ்சி குடிச்சிகினு, எண்ணூர் ரோட்ல நடந்து, மாத்திரைய ரெட்டிப்பா போட்டுகினுதான் போனேன். அப்படியும் 10.1. லேப் பொண்ணு கிட்ட "நான் ரெண்டு நாளா சாப்டவே இல்லயேம்மா"ன்னேன். "ரெண்டு நாள இதுக்குத் தெரியாது சார், மூணு மாசத்தத்தான் தெரியும்"னு சொல்லிச்சி.

டில்லி கைய மூடி மூடி பாக்கறான்னு நீ எழுதினியே, அதுக்கு அப்புறம் எனக்கு சோறு எறங்கல. மூணு வாரம் தாங்கினேன். போன திங்கக்கிழம பேப்பர எடுத்துகினு மேனேஜர் ரூமுக்குப் போயிட்டேன். ஆறு வருசமா மெடிக்கலுக்கு ரெண்டு நாள் முந்தி பட்டினி கெடந்து வந்தேன், கண்ணு ஒரு வருசமா மங்கல், அன்னிக்கி கை தெரிஞ்சிச்சி, தொறந்த கையா மூடின கையான்னு தெரியல, பழக்கத்துல எறக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிரேன் சாவியக் குடுத்துட்டேன். சஸ்பென்ட்ல கீறேன். டில்லி மெமோவ வாபஸ் வாங்கிட்டாங்க. கால் ஆறினதும் ஸ்டோர்ல எடுக்கறாங்களாம்.

உன் பேர எழுதல. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எனக்கே தெரியும்னுட்டேன். அட்டவணையக் கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன். உன்ன எல்லாரும் டீச்சரம்மான்றாங்க, அது அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் டில்லி வூட்டுக்குப் போனேன், தண்டையார்பேட்டைக்கு. அவன் முகத்த திருப்பிகினான். திரும்பாமலே, "இன்னா மாமு, ரெண்டு மாசமா பேப்பர பீரோவுல வச்சிப் பூட்டிகினு இருந்தியா? என் கைய நானே செருப்பால அடிச்சிகினு இருந்தேன்டா"ன்னான். நான் அழுதேன். "அழாத, அசிங்கமா கீது. உக்காரு. மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. உக்காரச் சொன்னேன், அவ்ளோதான்"னான். உக்காந்தேன். செங்கொடி டீ குடுத்தா. சர்க்கர போடல. அவனுக்கு மட்டும் போட்டா.

தாயம்மா என்கிட்டயும் பேசல. மாப்ள வூட்ல இன்னும் சொல்லல. கீர்த்தி மட்டும் "நானே போய் சொல்றேன் நைனா"ன்றா.

உன் தம்பி,
ஜெயவேல்

திருவொற்றியூர்,
9-10-2002

அன்புள்ள ஜெயவேல்,

என் பெயரை எழுதாததற்கு நன்றி என்று எழுதுவேன் என நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "உன் பேர எழுதல" என்ற வரியைப் படித்தவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஒரு மூச்சு. உன் வேலை போயிற்று, கண் மங்கிக்கிடக்கிறது, மகள் கல்யாணம் ஊசலாடுகிறது. அதையெல்லாம் ஒரே பக்கத்தில் படித்துக்கொண்டே, நான் தப்பித்தேன் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சை நான் மறக்கப்போவதில்லை. அறுபத்தாறு வயதில், இத்தனை புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அதுதான்.

அட்டவணையை எரித்துவிட்டாய். பரவாயில்லை. எனக்கு அது மனப்பாடம். இத்துடன் என் வாக்குமூலத்தின் படி ஒன்று இருக்கிறது. தேதி, அட்டவணை, மாத்திரையின் அளவு, என் பெயர், வகித்த பதவி எல்லாம் எழுதியிருக்கிறேன். விசாரணைக் குழுவுக்குப் பதிவு அஞ்சலில் காலையிலேயே அனுப்பிவிட்டேன். இந்த முறை கிழிக்க முடியாதபடி, மங்கம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினேன். "இன்னா டீச்சரம்மா, ரிஜிஸ்டர் போஸ்டெல்லாம்?" என்றாள். சொன்னேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீயா இப்படி?" என்றாள். அவ்வளவுதான். மீன் கொடுக்காமலே போய்விட்டாள். நாளைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். அது தாங்கக்கூடியதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டாலும் இருந்துதான் ஆகவேண்டும்.

தாயம்மாவிடம் கேள்: மாப்பிள்ளை வீட்டுக்குக் கீர்த்தி போகும்போது நானும் கூடப் போய், இது யார் செய்த வேலை என்று என் வாயால் சொல்லலாமா என்று. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

குறிப்பேட்டை மூடிவிட்டேன். மாத்திரையை எழுதிய அளவில் போடுகிறேன். பட்டினி கிடப்பதில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி சாப்பிடுவது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. குதிகால் புண்ணில் புதுத்தோல் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இராயபுரத்தில் அருள்பிரகாசம் சொன்ன ஆய்வகத்தில் என் இரண்டாவது சோதனை. உனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்ன எண் வந்தாலும் வரட்டும். நீ வராவிட்டால் நான் எடுத்துக்கொண்டு தனியாகத் தண்டையார்பேட்டைக்குப் போவேன். டில்லிபாபுவிடம் சொல்லாமல் விட்ட நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. என்னை அவர் உட்காரச் சொல்லவேண்டும் என்பதில்லை. நின்றுகொண்டே சொல்வேன்.

வருவதானால், வெறும் வயிற்றோடு வராதே. சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா